போனை வைத்த பிறகு வரும் சத்தம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் தற்காலிகப் பணியாளர் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. தண்ணீர் ஆபீசில் மற்ற எல்லாருக்கும் அவர் 'காது'. "காது வந்தாச்சா?", "காது ஏணி மேல நிக்குது", "காது இன்னிக்கு லீவு" என்று அந்த உறுப்பையே ஒரு மனிதனாக நடத்தினார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. சொல்லப்போனால் உள்ளூரப் பெருமைதான்.

காரணம் உண்டு. ஆபீஸ் போன் லைன்களைப் பழுது பார்ப்பதுதான் அவர் வேலை. ரிசீவரைக் காதில் வைத்த மறுநொடியே இது ஈரமான கேபிளின் இரைச்சல், இது துருப்பிடித்த முனையின் கரகரப்பு, இது எலி கடித்ததால் வந்த மௌனம் என்று பிரித்துச் சொல்லிவிடுவார். ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே சுவரில் தொங்கும், அறைக்கு அறை போன்களை இணைக்கிற எக்ஸ்சேஞ்ச் பெட்டி போடுகிற ஒவ்வொரு சத்தத்தையும் வாயாலேயே செய்து காட்டுவார். மனிதர்கள் பேசுவதைக் கேட்பதில் மட்டும் அந்தக் காதுக்கு அவ்வளவு தேர்ச்சி போதாது. வீட்டில் மனைவி பேச ஆரம்பித்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே எழுந்து சட்டையைத் தேடுவார்.

வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருஷம் ஆகியும் அவர் தற்காலிகம்தான். வருஷா வருஷம் ஒரு வருஷம் நீட்டிப்பார்கள். நிரந்தரமாக்கலாம் என்று தலைமை அலுவலகம் எப்போதோ சொல்லிவிட்டது. மேலாளர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. ஃபைல் மேலாளரின் மேசையில், கண்ணாடி உருண்டைக்கு அடியில், இரண்டு வருஷமாகப் படுத்திருந்தது.

மேலாளருக்கு ஆபீசில் வைத்த பெயர் 'பூஜ்யம்'. ஆள் மோசமில்லை, காலியான மேசை, காலியான தட்டு, காலியான வராந்தா என்று எது இல்லையோ அதைப் பார்த்துத்தான் அவருக்குத் தூக்கம் வரும். அப்படிப்பட்டவர் தலையில் ஒரு நாளைக்கு நூற்றெண்பது புகார் போன்கள் விழுந்தால் என்ன ஆகும்? அவற்றையெல்லாம் எடுத்து, எழுதி, குழாய் ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டர்களை விரட்டிக்கொண்டிருந்தவர் போன் அறை அக்கா. நூற்றெண்பதையும் ஒழுங்காக எழுதிவைத்தது அந்த அம்மாளின் குற்றம். ஒரு நாள் அவரைப் பழைய ஃபைல் அறைக்கு மாற்றிவிட்டு, பூஜ்யம் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு கார்டு. கார்டின் முதுகில் நான்கு துளைகள். எக்ஸ்சேஞ்சிலிருந்து நான்கு வயர்களை இழுத்து அந்த நான்கிலும் செருகினால், வருகிற போனை மெஷினே எடுக்கும். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தண்ணீர் வரவில்லையென்றால் ஒன்றை அழுத்தவும். கலங்கலாக வந்தால் இரண்டு. மற்றவைக்கு மூன்று" என்று ஒரு பெண் தேன் ஒழுகச் சொல்வாள். புகாரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்ததும், அழைப்பு முடிந்தது என்று மெஷின் தெரிந்துகொண்டு, எண்ணும் கூப்பிட்ட போனின் முகவரியும் போட்டு ஒரு சீட்டை அச்சடிக்கும். சீட்டு கைக்கு வந்தால்தான் ஃபிட்டர் கிளம்ப வேண்டும், நேரில் வந்து அழுதாலும் அசையக்கூடாது என்று பூஜ்யம் சுற்றறிக்கையும் போட்டார்.

இங்கேதான் காதின் கைவேலை வருகிறது. ஒருவர் போனை வைத்துவிட்டார் என்று மெஷினுக்கு யார் சொல்வது? யாரும் சொல்ல மாட்டார்கள். வைத்த பிறகு "டூ... டூ..." என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். மனிதனாக இருந்தால் அதைக் கேட்டதும் ரிசீவரைக் கீழே வைப்பான். கார்டுக்கோ அந்தச் சத்தம் இத்தனை நொடி ஒலிக்கும், இத்தனை நொடி ஓயும் என்று இரண்டு எண்களை எழுதிக் கொடுக்க வேண்டும். எண் பிசகினால், எதிரில் யாரோ இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பி அது லைனைப் பிடித்துக்கொண்டே நிற்கும்.

அளந்து பார்க்கக் கருவி இருந்தது. காது அதைத் தொடவில்லை. "எனக்கெதுக்கு அது?" என்று பக்கத்து அறை போனிலிருந்து மெஷினைக் கூப்பிட்டார், வைத்தார், கண்ணை மூடிக் கேட்டார். "கால் செகண்ட் சத்தம், கால் செகண்ட் ஓய்வு" என்று தீர்ப்புச் சொல்லி இரண்டு எண்களையும் எழுதினார். மறுபடி கூப்பிட்டு வைத்தார். மெஷின் சமர்த்தாக லைனை விட்டுச் சீட்டை அச்சடித்தது. பூஜ்யமும் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டார். அவருக்கும் சீட்டு வந்தது.

சாமானை மூட்டை கட்டிக்கொண்டிருந்த போன் அறை அக்கா மட்டும், "தம்பி, வெளியில இருந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்துடேன்" என்றார்.

"சத்தத்தைப் பத்தி எனக்கே சொல்றீங்களா அக்கா?" என்று காது சிரித்தார்.

அக்கா மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அவருக்கு இருபது வருஷ அனுபவத்தில் தெரிந்திருக்கும்.

மெஷின் வந்த முதல் நாள் மூன்று நிமிஷம் போன் அடித்தது. அப்புறம் அடிக்கவில்லை. இரண்டாம் நாளும் மூன்று நிமிஷம். மூன்றாம் நாளும் அப்படியே. சீட்டு ஒன்றுகூட வரவில்லை. பூஜ்யம் வராந்தாவில் வந்து நின்று அந்த அமைதியைக் கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சாந்தி.

நான்காம் நாள் காதுக்கு உறுத்தியது. ஹெட்போனை மாட்டி முதல் லைனைக் கேட்டார். டூ... டூ... இரண்டாவதிலும் டூ... டூ... நான்கிலும் அதே. ஆனால் கால் நொடி அல்ல. முக்கால் நொடி சத்தம், முக்கால் நொடி ஓய்வு. அவருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டு வைத்தால் சத்தம் போடுவது ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் பெட்டி. வெளியிலிருந்து கூப்பிட்டவர் வைத்தால் சத்தம் போடுவது ஊரின் பெரிய எக்ஸ்சேஞ்ச். இந்தப் பெட்டி அதை அப்படியே உள்ளே கடத்துகிறது. இரண்டும் வேறு வேறு சத்தம். அவர் கார்டுக்குக் கற்றுக் கொடுத்தது வீட்டுக்குள் அடிக்கும் மணியை மட்டும். வாசல் மணி அதற்குத் தெரியாது.

ஆக, காலையில் மெஷினைப் போட்டதும் முதல் நான்கு பேர் உள்ளே வருகிறார்கள். புகாரைச் சொல்லிவிட்டு வைக்கிறார்கள். வைத்தது மெஷினுக்குப் புரிவதில்லை. அழைப்பு முடிந்தால்தானே சீட்டு? அழைப்போ முடிவதே இல்லை. சாயங்காலம் காவலாளி மெயின் சுவிட்சை அணைக்கும் வரை அந்த நான்கு பேரின் ஆவிகள் நான்கு லைனிலும் உட்கார்ந்திருக்கும். ஐந்தாவது ஆளிலிருந்து ஊர் முழுவதற்கும் எங்கேஜ்.

இரண்டு எண்களை மாற்ற வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் மெஷினின் கடவுச்சொல் பூஜ்யத்திடம் இருந்ததால், காது அவர் அறைக்குப் போனார்.

"சார், அந்த மெஷின்ல ஒரு சின்னத் தப்பு. புகார் பதிவாகல."

"புகாரே வரலைன்னு சொல்லுங்க."

"வருது சார். உள்ள வர முடியல."

"சீட்டு வந்ததா?"

"இல்ல சார், அதான்..."

"அப்ப புகார் இல்ல." பூஜ்யம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இந்த மாசம் புகார் பூஜ்யம்னு நான் மேல எழுதிட்டேன். அதுக்குப் பரிசா ஹெட் ஆபீஸ் பெரியவர் கேடயத்தோட வர்றார். அன்னிக்கே நல்ல காரியம் ரெண்டு மூணு முடிச்சுடலாம்னு இருக்கேன்." கண்ணாடி உருண்டையை எடுத்து, கீழே இருந்த ஃபைலை விரலால் தட்டினார். "உங்க காதுல வேற ஏதாவது கேட்டுதா?"

பதினொரு வருஷம். காது அந்த ஃபைலைப் பார்த்தார்.

"இல்ல சார்" என்றார்.

அப்படிக் காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் ஒரு ஊரின் தாகத்தையே நான்கு வயருக்குள் மறைத்தார்கள்.

மறைத்த தாகம் காதின் வீட்டுக் கதவையே தட்டியது. மெஷின் வந்த பத்தாம் நாள் அவர் தெருவுக்கு வரும் குழாய் எங்கோ உடைந்து, தண்ணீர் நின்றுபோனது. அவர் குடியிருப்பது மூன்றாம் மாடி. நாற்பத்தாறு படி. அடுத்த தெரு அடிபம்பிலிருந்து மனைவி குடம் குடமாகச் சுமந்தாள். ஏற்கெனவே வலது முழங்காலில் வீக்கம். அதன்மேல் பட்டையான துணிக்கட்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் குடத்தை இறக்கி மூச்சு வாங்கினாள். இடையிடையே போனை எடுத்து ஆபீசைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, உங்க ஆபீஸ் போன் எப்பவும் எங்கேஜாவே இருக்கே?"

"கூட்டமா இருக்கும்."

"காலையில ஆபீஸ் திறந்த அஞ்சாவது நிமிஷமேவா கூட்டம்?"

காது சட்டையைத் தேடினார். ஆபீசுக்குப் போய் ஃபிட்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "நம்ம தெருக்குழாயைக் கொஞ்சம் பாரேன்" என்றார். ஃபிட்டர் நல்லவன்தான். "சீட்டு குடுங்க, இப்பவே போறேன்" என்றான். சீட்டுக்கு எங்கே போவது?

தண்ணீர் நின்ற ஏழாம் நாள் அவள் குடத்தோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. காது கைத்தாங்கலாக மேலே கூட்டிப் போனார். அந்தப் பலவீனத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். கால் நொடி, முக்கால் நொடி, இரண்டு எண்கள், ஃபைல், கேடயம், எல்லாவற்றையும். "இன்னும் பத்து நாள் பொறுத்துக்கோ. கையெழுத்து விழுந்ததும் முதல் வேலையா மாத்திடறேன்."

அவள் முழங்கால் துணிக்கட்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு நம்பர்?"

"ரெண்டே ரெண்டு நம்பர்."

"அதுக்கு நான் நாப்பத்தாறு படி."

அதற்குமேல் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வெட்கமாக இருந்தது அவருக்கு, நிஜமான வெட்கம். ஆனால் வெட்கத்தைப் பத்து நாள் ஒத்திப்போடலாம், கையெழுத்தை ஒத்திப்போட முடியாது என்று மனசு கணக்குப் போட்டுக் கொடுத்தது.

கேடய நாள் வந்தது. தலைமை அலுவலகப் பெரியவர் வந்தார். கூடத்தில் நாற்காலிகள், மேசைமேல் துணி போர்த்திய கேடயம், அதன் பக்கத்தில் பேனாவோடு அந்த ஃபைல். மெஷின் பேசுவதை எல்லாரும் கேட்க வேண்டும் என்று பூஜ்யம் ஒலிபெருக்கி வைக்கச் சொல்லியிருந்தார். பெரியவர் தன் போனிலிருந்தே கூப்பிட்டுப் பார்க்க விரும்புவார் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால், "சரியா பதினொரு மணிக்கு மெஷினை அணைச்சுப் போட்டுடுங்க. லைன் காலியா இருக்கட்டும்" என்று காதிடம் காலையிலேயே சொல்லியிருந்தார். காது அணைத்துப் போட்டார். ஆவிகள் நான்கும் கலைந்தன.

பெரியவர் கூப்பிட்டார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று தேன் கூடமெங்கும் ஒழுகியது. பெரியவர் மகிழ்ந்து போனை வைத்தார். ஒலிபெருக்கி "டூ... டூ..." என்றது.

"இது என்ன சத்தம்?"

"மெஷின் நன்றி சொல்லுது சார்" என்றார் பூஜ்யம், கண் இமைக்காமல்.

அந்த நேரம் பார்த்து இரண்டாவது லைன் எடுத்தது. பதினேழு நாளாக விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒருத்திக்கு அந்த ஒரு நிமிஷத்தில் வழி கிடைத்துவிட்டது. ஒன்றை அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம். அதைக் கேட்டதும் யார் என்று காதுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மூச்சு எந்த மாடித் திருப்பத்தில் வாங்கியது என்றுகூட அவரால் சொல்ல முடியும்.

"அப்பாடா, எடுத்துட்டீங்களா? பதினேழு நாளா எங்க தெருவுல சொட்டுத் தண்ணி இல்ல. போன் பண்ணா எங்கேஜ். ஏன் எங்கேஜ்னு எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் அங்கதான் இருக்கார். காதுன்னு பேராம். ரெண்டு நம்பர் மாத்தினா போன் சரியாயிடுமாம். மாத்தினா அவரோட ஃபைல்ல கையெழுத்து விழாதாம். அதனால வாயை மூடிட்டு இருக்கார். ஐயா, யார் இதைக் கேக்கறீங்களோ, தயவுசெஞ்சு அந்தக் கையெழுத்தைச் சீக்கிரம் போட்டுடுங்க. எனக்கு மூட்டு வலி தாங்கல."

வைத்துவிட்டாள். இப்போது இரண்டு லைனிலும் "டூ... டூ...". ஒன்று ஓய்ந்தால் ஒன்று ஒலித்தது. ஃபைல் அறை வாசலில் போன் அறை அக்கா வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றார்.

"ஏன்யா இது இன்னும் நன்றி சொல்லிட்டே இருக்கு?" என்றார் பெரியவர்.

எல்லாரும் காதைப் பார்த்தார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? "நன்றி இல்ல சார். போனை வெச்சுட்டாங்கன்னு சொல்ற சத்தம். மெஷினுக்கு அது புரியாது. நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். ரெண்டு நிமிஷம் குடுத்தா சரி பண்ணிடுவேன்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பதினொரு வருஷத்தில் அவர் பேசிய நீளமான உண்மை அதுதான்.

பெரியவர் யோசித்தார். பெரிய பதவியில் இருப்பவர்கள் யோசித்தால் சாதாரண மனிதனுக்குத் தோன்றாதது தோன்றும்.

"மாத்தினா, முன்னாடி தப்பா இருந்ததுன்னு ஆகும். முன்னாடி தப்புன்னா அந்தப் பூஜ்யமும் தப்பு. அதை நான் மேல அனுப்பிட்டேன். அதனால தப்பு இல்ல." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "மெஷினை யாரும் தொட வேண்டாம். அந்தச் சத்தம் வந்ததும் பட்டனை அழுத்தி லைனை விட ஒரு ஆளைப் போடுங்க. நல்லாக் காது கேக்கற ஆளா."

அப்படித்தான் 'தொனிக் கண்காணிப்பாளர்' என்ற பதவி உண்டானது. ஓய்வு பெறும் வரைக்கும் நிரந்தரம். ஃபைலில் அங்கேயே கையெழுத்து விழுந்தது. பூஜ்யம் கேடயத்தையும் வாங்கிக்கொண்டார்.

காது இப்போது போன் அறை நாற்காலியில், ஹெட்போனோடு, காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை உட்கார்ந்திருக்கிறார். புகார் முழுவதையும் கேட்க வேண்டும், டூ டூ வந்ததும் பட்டனை அழுத்த வேண்டும், சீட்டு வரும். சத்தம் வருமுன் அழுத்தினால் புகார் பாதியில் அறுந்ததாகக் கணக்காகி விளக்கம் எழுத வேண்டும். இவர் பேசினால் எதிரில் கேட்காது. கடவுச்சொல்லும் இப்போது அவரிடமே இருக்கிறது. இரண்டு எண்களை மாற்றிவிட்டால் நாளைக் காலை அவர் வரவே வேண்டாம். அது அவருக்கும் தெரியும்.

தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் மனைவி தினமும் பதினொன்றரைக்குக் கூப்பிடுகிறாள். கலங்கல் என்பாள், வேகம் போதவில்லை என்பாள், அப்புறம் முழங்கால், மாடிப்படி, இருபது வருஷக் கதை என்று வரிசையாக வரும். சட்டையைத் தேட வழியில்லை. அவள் வைக்கும் வரை இவர் வைக்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பேசியதை முதல் தடவையாக முழுசாகக் கேட்கிறார். நிறைய விஷயம் அவருக்குப் புதிதாக இருக்கிறது.

ஒரு நாள் அவள் மூன்றை அழுத்தினாள்.

"ஏங்க, நீங்க கேட்டுட்டுதான் இருக்கீங்கன்னு தெரியும். மத்தவங்க வீட்டுல எல்லாம் மதியம் போன் கிடைக்கலையாம். நீங்க சாப்பிடப் போற நேரமாமே? கீழ்வீட்டுப் பாட்டியம்மா நேத்து ரெண்டு மணி நேரம் கூப்பிட்டுட்டே இருந்தாங்க. அந்த ரெண்டு நம்பரை மாத்திடறேன்னு சொன்னீங்களே, கையெழுத்து விழுந்ததும். மாத்துவீங்களா? மாத்துவேன்னா இப்ப லைனைக் கட் பண்ணுங்க. நான் புரிஞ்சுக்கறேன்."

காது பட்டனைப் பார்த்தார். விரல் அதன்மேல்தான் இருந்தது. ஹெட்போனில் அவள் மூச்சு விடுவது கேட்டது. சமையலறைக் குழாயில் தண்ணீர் விழுவதும் கேட்டது. அவள் வெகுநேரம் காத்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

பிறகு அவள் போனை வைத்தாள். முக்கால் நொடி சத்தம், முக்கால் நொடி ஓய்வு. அவர் பட்டனை அழுத்தினார். அவர் வீட்டு முகவரியோடு சீட்டு வந்தது. புகார் வகை: மூன்று, மற்றவை. அதைக் கிழித்து, மற்ற சீட்டுகளோடு சேர்த்து, ஃபிட்டரின் தட்டில் வைத்தார்.